ரியோத்தமஸ்: பெயரா, பட்டமா?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னர்தான் ரியோத்தமஸ் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அருள்மொழி என்பது பெயர், ராஜராஜன் என்பது பட்டம் அல்லவா? அதுபோல ஆர்தர் பெயர், ரியோத்தமஸ் பட்டமாம். இது உண்மையா?"

கேள்வியிலேயே விஷயத்தின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டார். ரியோத்தமஸ் என்பது பட்டமா, பெயரா? இதற்கு விடை தெரிந்தால் மீதியெல்லாம் தானாக அவிழும். அந்த விடையைத் தருவது அகழாய்வு அல்ல, மொழியியல்.

ஆளைப் பற்றிய செய்திகளை முதலில் வேகமாகப் பார்த்துவிடலாம். கி.பி. 410ஐ ஒட்டி ரோமானிய ஆட்சி பிரிட்டனைக் கைவிட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து கால் நாடும், அதாவது இன்றைய பிரான்சும், கைநழுவிக்கொண்டிருந்தது. 467இல் மேற்கு ரோமின் பேரரசரான அந்தேமியஸ், கால் நாட்டின் தென்மேற்கை ஆண்ட விசிகோத் இன மன்னன் யூரிக்கைத் தடுக்கப் பிரித்தானியரிடம் உதவி கேட்டார். இவர்கள் இன்றைய ஆங்கிலேயரின் முன்னோர் அல்லர், கெல்டிக் மொழி பேசிய பழங்குடியினர். இவர்களின் அரசரான ரியோத்தமஸ் 12,000 பேருடன் கடல் வழியாக வந்து பூர்ஜ் நகரில் தங்கினார், ரோமானியப் படை வந்து சேரும் முன்பே யூரிக்கிடம் தோற்றார், மிஞ்சியவர்களோடு பர்கண்டியர் என்ற இனத்தாரிடம் அடைக்கலம் புகுந்தார் என்று 551இல் எழுதிய ஜோர்டானேஸ் சொல்கிறார். தூர் நகர ஆயர் கிரகோரி அரசரின் பெயரைச் சொல்லாமல், பூர்ஜிலிருந்து பிரித்தானியர் விரட்டப்பட்டதையும் தேயோல் என்ற ஊரில் பலர் கொல்லப்பட்டதையும் ஒரே வரியில் குறிக்கிறார்.

மற்ற இரண்டு சாட்சியங்களும் அந்தக் காலத்திலேயே வாழ்ந்த கால் நாட்டுப் பிரமுகர் சிடோனியஸ் அப்பொல்லினாரிஸின் கடிதங்கள். ஆர்வாண்டஸ் என்ற ரோமானிய உயரதிகாரி, "லுவார் ஆற்றுக்கு அப்பாலுள்ள பிரித்தானியரைத் தாக்கு" என்று யூரிக்குக்கு ரகசியமாக எழுதி மாட்டிக்கொண்ட கதை ஒரு கடிதத்தில் வருகிறது. இன்னொரு கடிதம் ரியோத்தமஸுக்கே எழுதியது. ஓர் ஏழையின் அடிமைகளை உம்முடைய ஆட்கள் ஆசைகாட்டி அழைத்துப் போய்விட்டார்கள், ஆயுதம் ஏந்திய அந்தக் கூட்டத்துக்கு நடுவே இந்த எளியவனின் வழக்கை நியாயமாகக் கேளும் என்று அதில் வேண்டுகிறார். பழங்கதைகளில் வரும் எந்தப் போரைவிடவும் இந்தச் சின்ன வழக்கு அந்த மனிதரை என் கண்முன் கொண்டுவருகிறது.

கிடைத்த சாட்சியங்கள் இவ்வளவுதான். இவற்றை வைத்துக்கொண்டு 1980களில் ஆங்கில எழுத்தாளர் ஜெஃப்ரி ஆஷ் இவரே ஆர்தர் என்றார். அதற்குச் சற்று முன்பு பிரெஞ்சு அறிஞர் லெயோன் ஃப்ளெரியோ, இவரே அம்புரோசியஸ் ஆரேலியானஸ் என்றார். பிரிட்டனுக்குள் வந்து குடியேறிய சாக்சன்களை எதிர்த்துப் போரிட்ட தலைவராக ஆறாம் நூற்றாண்டுத் துறவி கில்தாஸ் பெயர் சொல்லிப் போற்றும் வீரர் அவர். இருவரின் வாதமும் நிற்பது ஒரே காலில்தான்: ரியோத்தமஸ் என்றால் 'பேரரசன்', அது பட்டம், அதன் பின்னால் வேறொரு பெயர் ஒளிந்திருக்கிறது.

அந்தச் சொல்லைத்தான் இப்போது பிரித்துப் பார்க்கப்போகிறோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பின்பாதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நமக்குப் பழகிய முகம். 'உத்தமன்' என்ற சொல்லின் கடைசியில் ஒரு 'தம' இருக்கிறதே, அதேதான். வடமொழியில் 'உத்' என்றால் மேலே, 'உத்தம' என்றால் எல்லாவற்றுக்கும் மேலான. 'பிரியதம' என்றால் மிகவும் பிரியமான. லத்தீனில் இதே ஒட்டு 'திமுஸ்' என்று வரும்: 'இன்திமுஸ்' என்றால் மிக உள்ளே இருப்பது. கெல்டிக் மொழிகளில் 'தமோஸ்'. மூன்றும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை. தமிழ் அந்தக் குடும்பம் அல்ல, உத்தமன் நம் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட விருந்தாளி. ஆனால் அந்த விருந்தாளியின் தூரத்து உறவினர் ஒருவர் ஐந்தாம் நூற்றாண்டில் பூர்ஜ் நகரில் படையோடு நின்றார் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது.

முன்பாதி 'ராஜன்' என்பதன் உறவு. லத்தீனில் அது 'ரேக்ஸ்'. கெல்டிக் மொழிகள் பழைய நெடில் 'ஏ'யை எல்லாச் சொற்களிலும் 'ஈ' ஆக்கிவிட்டதால் அங்கே அது 'ரீக்'. சீசரை எதிர்த்த வெர்சிங்கெடோரிக்ஸின் பெயரில் வரும் கடைசி 'ரிக்ஸ்' இதுதான். ஆக, முழுச் சொல் ரீகோதமோஸ். அரசருள் தலைசிறந்தவன்.

சரி, நடுவிலிருந்த 'க' எங்கே போனது?

நாம் 'போகிறேன்' என்று எழுதிவிட்டு 'போறேன்' என்று சொல்கிறோமே, அங்கேதான் போனது. துகள் தூளானதும், அகப்பை ஆப்பையானதும் இதே கதைதான். இந்த 'க'வைச் சொல்ல நாவின் பின்பகுதி மேலெழும்பி அண்ணத்தை முழுதாக அடைக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் உயிரொலி வந்தால் வாய் திறந்திருக்க வேண்டும். திற, அடை, திற. பேச்சின் வேகத்தில் நடுவிலிருக்கும் அடைப்பு முழுமையாக விழாது. காற்று கசியும், ஒலி உரசலாகத் தேயும். அடுத்தடுத்த தலைமுறைக் குழந்தைகள் அந்தத் தேய்ந்த ஒலியைக் கேட்டே பேசக் கற்கிறார்கள், ஒரு கட்டத்தில் உரசலும் மறைகிறது.

இதை வெறும் ஊகம் என்று ஒதுக்க முடியாது. ஒலிமாற்றம் ஒரு சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. அதே சூழலில் உள்ள சொற்களையெல்லாம் சேர்த்துத் தாக்கும், அதனால்தான் சோதித்துப் பார்க்க முடிகிறது. கில்தாஸ் திட்டித் தீர்த்த ஒரு மன்னனின் பெயர் மக்லோகுனஸ். அந்தப் பிரித்தானியரின் மொழி வழிவந்த பிற்கால வெல்ஷ் மொழியில் அதே பெயர் மைல்குன். மக்லோவில் இருந்த மெல்லிய 'க்' உதிர்ந்திருக்கிறது, குனஸின் வல்லொலி மென்மையாகியிருக்கிறது, கடைசி 'அஸ்' காணாமல் போயிருக்கிறது. வெல்ஷில் அரசனுக்குப் பழைய சொல் 'ரி', அதிலும் 'க' இல்லை. விதி பிசகவில்லை.

இனி விதியை முன்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். ரீகோதமோஸ் ஒரு மனிதப் பெயராக வாழ்ந்து, கடல் கடந்து பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானி தீபகற்பத்தில் குடியேறிய மக்களின் நாவில் சில நூறு ஆண்டுகள் புழங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? 'க' போகும், கடைசி 'ஓஸ்' போகும், நடுவிலுள்ள 'ஓ' தளர்ந்து 'அ'வாகும். கிடைப்பது ரியாதம். அந்தத் தீபகற்பத்தின் பழைய பிரெட்டன் வம்சாவளிப் பட்டியல்களைத் திறந்தால் அங்கே ரியாதம் என்றே ஒருவர் இருக்கிறார், இன்னாருக்கு மகன், இன்னாருக்குத் தந்தை என்ற வரிசையில், ஓர் ஆளின் பெயராக.

அந்த மக்கள் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெயர் வைத்தார்கள். மக்லோகுனஸ் என்றால் 'இளவரச வேட்டைநாய்' போன்ற பொருள். நம் தெருவிலும் ராஜா என்று ஒருவர் இருப்பார், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது யாரும் மணிமுடியைத் தேடுவதில்லை. இன்னொன்றும் உண்டு. சிடோனியஸ் தன் கடிதத்தை "சிடோனியஸ் தன் ரியோத்தமஸுக்கு" என்று தொடங்குகிறார். அவர் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த வாய்பாட்டில்தான் தொடங்கும், அந்த இடத்தில் அவர் எழுதுவது பெறுநரின் பெயரை.

ஆக, அது பெயர் என்றே நான் கொள்கிறேன். அப்படிக் கொண்டால் ஒளிந்திருக்கும் இன்னொரு பெயரைத் தேட வேண்டியதில்லை. ஆர்தருக்குக் காலமும் ஒத்துவரவில்லை. அவருடைய பெயரைப் போர்ப் பட்டியலோடு சொல்லும் நூல் 829ஐ ஒட்டி எழுதப்பட்டது, வெல்ஷ் ஆண்டுக்குறிப்புகள் அவர் மரணத்தை 537இல் வைக்கின்றன. ரியோத்தமஸ் தோற்றதோ 470 வாக்கில். பர்கண்டியில் அவல்லோன் என்று ஓர் ஊர் இருக்கிறது, கதைகளில் ஆர்தர் கடைசியாகப் போன அவலோன் அதுதான் என்பார்கள். பழங்கெல்டிக்கில் அந்த ஊர்ப்பெயருக்கு ஆப்பிள் என்று பொருள். மரத்தின் பெயரில் ஊர்கள் எங்கும் உண்டு. ரியோத்தமஸ் பர்கண்டியரிடம் போனார் என்கிறாரே தவிர, அந்த ஊரை ஜோர்டானேஸ் சொல்லவே இல்லை.

ஆர்தரின் கல்லறையைக் கண்டுவிட்டோம் என்று 1191இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடத்துத் துறவிகள் அறிவித்தார்கள். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு அவர்களின் மடம் தீயில் எரிந்திருந்தது, திரும்பக் கட்டப் பணம் வேண்டியிருந்தது. புகழ்பெற்ற பெயரைத் தேடினால் பணம் வரும் என்பது அன்றே தெரிந்த விஷயம். இன்றும் அதுவே நடப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஆர்தர் என்று சொன்னால் படக்குழு வருகிறது. பழைய பிரெட்டன் பட்டயங்களில் எழுத்து எழுத்தாக ஒலிமாற்றத்தைத் தேடுபவருக்கு ஒரு ஆய்வு உதவித்தொகை கிடைப்பதே பாடு. ரியாதம் என்ற ஒரு சொல்லை அடையாளம் கண்டது அந்தப் பொறுமைதான், அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு சின்ன விஷயம் மிச்சமிருக்கிறது. ஜோர்டானேஸின் நூலில் இந்த அரசரின் பெயர் ரியோத்தமஸ் என்று இல்லை, 'ரியோதிமுஸ்' என்று இருக்கிறது. எழுத்துப் பிழை என்று தள்ளிவிடலாம். எனக்கென்னவோ வேறு தோன்றுகிறது. கெல்டிக் 'தமோஸ்' லத்தீன் காதுக்குள் போனபோது, அந்தக் காது தனக்குத் தெரிந்த 'திமுஸ்' ஆகவே அதைக் கேட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்துபோன இரண்டு ஒட்டுகள், இந்த ஒரு பெயரில் மறுபடி ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து உட்கார்ந்திருக்கின்றன.