ரெசிடுவல் வால்யூம்: எஞ்சுகாற்று

ஆட்டு நுரையீரலை நறுக்கித் தண்ணீரில் போட்டவர்களுக்குத் தெரியும், எத்தனை முறை அமுக்கினாலும் துண்டுகள் மேலே வந்து மிதக்கும். ஆடு கடைசி மூச்சை விட்டு எவ்வளவோ நேரம் ஆன பிறகும் உள்ளே காற்று. ‘நுரை ஈரல்’ என்று பெயர் வைத்தவர் இதைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் வைத்திருப்பார் போல.

உயிரோடிருக்கும் நமக்குள் இன்னும் அதிகம் தங்கும். சாதாரணமாக ஒரு மூச்சில் போய்வருவது சுமார் 500 மில்லிலிட்டர். முடிந்தமட்டும் ஊதித் தள்ளினாலும் வளர்ந்த ஒருவரின் நுரையீரலில் ஏறக்குறைய 1,200 மில்லிலிட்டர் வெளியே வராது. இதுதான் ரெசிடுவல் வால்யூம். மருத்துவர் வாயில் ‘ஆர்வி’.

ஏன் வராது? விலா எலும்புக் கூடு ஓரளவுக்கு மேல் ஒடுங்காது. நுரையீரல் அதன் உட்சுவரை ஒட்டியே இருப்பதால் தனியாகச் சுருங்கவும் வழியில்லை. அதோடு, ஊத ஊத நுண்ணிய மூச்சுக்குழல்கள் மூடிக்கொள்ள, அப்பால் இருக்கும் காற்று மாட்டிக்கொள்கிறது. நல்லதுதான். புது பலூனில் முதல் ஊதல் எவ்வளவு கஷ்டம்! உள்ளே காற்றே மிஞ்சாமல் ஒவ்வொரு மூச்சும் அப்படி இருந்தால்?

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டரில் இது அகப்படாது. வெளியே வராததை அது எப்படி அளக்கும்? ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1800 வாக்கிலேயே ஹைட்ரஜனைச் சுவாசித்து, அது உள்ளே இருந்த காற்றோடு கலந்து எவ்வளவு நீர்த்துப்போனது என்று பார்த்துக் கணக்குப் போட்டார். இன்று அந்த வேலைக்கு ஹீலியம்.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘ரெ’ என்றால் பின்னால், ‘செதேரே’ என்றால் உட்கார்தல். எல்லாரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருப்பது! தமிழில் ‘எஞ்சிய கொள்ளளவு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கொள்ளளவு என்பது பாத்திரம் எவ்வளவு பிடிக்கும் என்பது. இங்கே பேச்சு மிச்சத்தைப் பற்றி. ‘எச்சக் காற்று’ பொருளில் சரி, ஆனால் காக்கை நினைவுக்கு வந்துவிடும். ‘எஞ்சிய’ என்பதும் முடிந்துபோன ஒன்றைச் சொல்கிறது. ‘எஞ்சுகாற்று’ என்றால் வினைத்தொகை: நேற்று எஞ்சியது, இப்போது எஞ்சுவது, அடுத்த மூச்சில் எஞ்சப்போவது எல்லாம் அடங்கும். அளவைச் சொல்ல வேண்டுமானால் ‘எஞ்சுகாற்றளவு’.

ஆஸ்துமாவிலும், புகைபிடித்து நுரையீரல் தளர்ந்தவர்களிடமும் இந்த அளவு ஏறும். ‘ஆர்வி அதிகம்’ என்றால் விழிப்பவரிடம், ‘எஞ்சுகாற்று கூடியிருக்கு, பழைய காற்று முழுசா வெளியே போகலை’ என்று சொல்லிப் பார்க்கலாம்.