பழைய ப்ரீஆம்ப் வாங்கினால் உடனே பாட்டுப் போடாதீர்கள்

ஜப்பானிலிருந்து வரும் பழைய அக்யூபேஸ், லக்ஸ்மேன் ப்ரீஆம்ப்களுக்கு (பாட்டு சிக்னலை வாங்கி, வால்யூமைக் கட்டுப்படுத்தி, பவர் ஆம்ப்புக்கு அனுப்பும் கருவி) இங்கே நல்ல கிராக்கி. அருமையான கருவிகள்தான். ஆனால் அந்த நாட்டுக்குள் விற்பதற்காகச் செய்த மாடல்கள் 100 வோல்ட்டில் ஓடுபவை, நம் வீட்டில் வருவதோ 230. பிளக் அடாப்டர் வோல்ட்டேஜைக் குறைக்காது. நேரே செருகி, பியூஸ் மட்டும் போனால் தப்பித்தீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் கருகினால் அதே டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது?

அதனால், பின்பக்கம் வோல்ட்டேஜ் அச்சிட்ட இடத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 என்றிருந்தால் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடையில் சட்டென்று எடுத்துத் தருவது பெரும்பாலும் 110 வோல்ட். பத்து சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே ரெகுலேட்டர் சூடேறும், வயதான கெப்பாசிட்டர்கள் இன்னும் சீக்கிரம் காய்ந்துபோகும். 100 கிடைக்காவிட்டால், அந்த வோல்ட்டுக்கே டிரான்ஸ்ஃபார்மர் காயிலைச் சுற்றித் தரச் சொல்லுங்கள்.

சரி, கரண்ட் ஒழுங்காக வந்தாயிற்று. அப்போதும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்பில் மாட்டாதீர்கள். எனக்கு மனம் தாங்காதது இந்த இடத்தில்தான், ஒரு நிமிடச் சோதனை செய்யாமல் அருமையான ஸ்பீக்கரைப் பறிகொடுக்கிறார்கள். பழைய ப்ரீஆம்ப்பின் அவுட்புட்டில் டிசி, அதாவது ஒரே திசையில் நிற்கும் வோல்ட்டேஜ், கசியலாம். காதுக்குத் தெரியாது. பவர் ஆம்ப்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 26 டெசிபல் என்றால் 20 மடங்கு. அது டிசியையும் பெருக்கும் வகையாக இருந்து, பாதுகாப்பு சர்க்யூட்டும் வேலை செய்யாவிட்டால், இங்கே கசியும் அரை வோல்ட் ஸ்பீக்கரில் 10 வோல்ட்டாக நிற்கும். பேஸ் ஒலி தரும் ஊஃபரின் கோன் ஒரு பக்கமாகத் தள்ளி அப்படியே நின்றுவிடும். அப்புறம் வாய்ஸ் காயில் கருகும் வாடைதான்.

ப்ரீஆம்ப்பைத் தனியாக ஆன் செய்து அரை மணி நேரம் விடுங்கள். அவுட்புட்டில் ஒரு ஆர்சிஏ கேபிளை மாட்டி, மறுமுனையின் நடு முள்ளில் மல்டிமீட்டரின் சிவப்பு, வெளிவளையத்தில் கருப்பு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. டிசியில் 20 மில்லிவோல்ட்டுக்குள் காட்டினால் பயமில்லை. 50ஐத் தாண்டினாலோ ஏறிக்கொண்டே போனாலோ டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள். இரண்டு சேனலையும் பாருங்கள்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றால் எல்லோரும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அடித்தும் போகாவிட்டால், முந்தைய கட்டத்துக் கெப்பாசிட்டர் கசிந்து வால்யூமுக்குள் டிசி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை முறை அடித்தாலும் அது ஸ்ப்ரேயில் தீராது.

இணைத்த பிறகு ப்ரீஆம்ப்பை முதலில் ஆன் செய்யுங்கள், பவர் ஆம்ப்பைக் கடைசியில். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். வால்வு மாடல்களில் இதைத் தவறவே விடாதீர்கள்.

ஸ்பீக்கரில் ஹம் என்ற இரைச்சல் வந்தால் எர்த் பின்னை வெட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது உயிருக்கு ஆபத்து. இன்புட் கேபிள்களை எல்லாம் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் இணைத்திருந்தால், அதற்கு வரும் கேபிள் டிவி ஒயரை முதலில் சந்தேகப்படுங்கள்.