ஸ்டேக்ஹோல்டர்: பங்குதாரர் இல்லை, உரியோர்

"பங்குதாரர் கலந்தாய்வுக் கூட்டம்" என்று ஓர் அறிவிப்பு. ராமநாதபுரம் கடலோரத்து நகராட்சி ஒன்று, கடற்கரைச் சாலைக் கடைகளை இடம் மாற்றுவது பற்றி ஊராரிடம் கருத்துக் கேட்பதற்காக ஒட்டியது. சங்கும் பாசிமணியும் விற்கும் அக்கா ஒருவர் அதைப் படித்துவிட்டு, "பங்கு போட்டுத் தொழில் பண்றவங்களுக்குப் போல, தம்பி. நமக்கில்ல" என்று போய்விட்டார். மாற்றப்படப் போகும் கடைகளில் அவருடையதும் ஒன்று. ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவரை ஆங்கிலத்தில் ஸ்டேக்ஹோல்டர் என்பார்கள். அதற்கு அறிவிப்பு எழுதியவர் போட்ட தமிழ்தான் பங்குதாரர்.

ஆங்கிலத்தில் ஸ்டேக் என்பது பந்தயத்தில் வைக்கும் பணயம். இரண்டு பேர் பந்தயம் கட்டும்போது அந்தப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் நடு ஆள்தான் முதலில் ஸ்டேக்ஹோல்டர். 1960களில் நிர்வாகவியல்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்து வேறு பொருள் கொடுத்தார்கள். ஒரு நிறுவனம் அதில் பணம் போட்டுப் பங்கு வைத்திருக்கும் ஷேர்ஹோல்டர்களுக்கு மட்டும் பதில் சொன்னால் போதாது. தொழிலாளி, வாடிக்கையாளர், சுற்றியிருக்கும் ஊர் எல்லாரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பிறகு அது அரசுத் திட்ட அறிக்கைகளுக்குள் வந்தது.

இப்போது பங்குதாரரைப் பாருங்கள். பங்கு தமிழ், தார் பாரசீகம். ஜமீன்தார், தாசில்தாரில் இருக்கும் அதே தார். சொல்லில் கலப்பு இருப்பது எனக்குக் குறையே இல்லை. பொருள்தான் தலைகீழாகிவிட்டது. 'ஷேர்ஹோல்டர் மட்டும் போதாது' என்று சொல்லப் பிறந்த சொல்லை, ஷேர்ஹோல்டருக்கு நாம் வைத்திருக்கும் சொல்லாலேயே மொழிபெயர்த்தால் என்ன மிஞ்சும்?

அதிலும் இந்தக் கரையில் பங்கு என்பது கறாரான சொல். பாம்பனிலோ தொண்டியிலோ கேளுங்கள். மீன் விற்றதும் டீசல், ஐஸ் செலவைக் கழித்து, மிச்சத்தில் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்களே, அதுதான் பங்கு. கையில் வாங்கி எண்ணிப் பார்க்கும் பணம். மண்டபம் பக்கம் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு எந்தப் படகிலும் பங்கு கிடையாது. கடலுக்குப் பட்டாவும் கிடையாது. ஆனால் ஊர் வாறுகால் (சாக்கடை) தண்ணீரை எந்தக் கரையில் கொண்டுபோய் விடுவது என்று பேரூராட்சி முடிவு செய்தால், முதல் அடி அவர்களுக்குத்தான். அவர்களைப் பங்குதாரர் என்று அழைப்பது, இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்வது. கீழக்கரையில் வாடகைக்குக் கடை போட்டிருப்பவருக்கும் இதே கதைதான்: கட்டடம் அவருடையது இல்லை, பிழைப்பு அவருடையது.

அக்கறையாளர் என்று சிலர் எழுதுகிறார்கள். அக்கறை மனசு சம்பந்தப்பட்டது. சென்னையிலிருந்து மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை நினைத்துக் கவலைப்படுகிறவருக்கும் அக்கறை உண்டு, நல்லதுதான். ஆனால் முடிவு தப்பினால் அவர் வீட்டு உலை நிற்காது. பயனாளி இன்னும் மோசம். கொடுப்பதை வாங்கிக்கொண்டு போகிறவரைக் குறிக்கும், கருத்துச் சொல்ல வந்தவரை இல்லை. பாத்தியப்பட்டவர் நம் பக்கத்துச் சொல், எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் கோயில், நிலம் என்று சொத்துரிமையோடு ஒட்டியே பழகிவிட்டது. வாடகைக்காரர் மறுபடி வெளியே நிற்பார்.

என் தேர்வு உரியோர். "உரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்பது எந்த வீட்டுப் பஞ்சாயத்திலும் விழும் கேள்வி. உரிய அதிகாரி என்ற வழக்கோடு குழம்புமே என்பார்கள். அங்கே உரிய என்பது அதிகாரிக்கு அடைமொழி. உரியோர் கூட்டம் என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது.

இதெல்லாம் வெறும் சொல் சண்டை என்று தள்ளிவிட முடியாது. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, தெருக் கடைகளைப் பற்றிப் பேசும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கு. அவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அழைப்பே புரியாவிட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார்? வார்டு விவகாரங்களைப் பேசும் வார்டு குழுவை அரசியல் சட்டம் கட்டாயமாக்குவது 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில்தான். ராமேஸ்வரமோ கீழக்கரையோ அந்தக் கணக்கில் வராது. அதனால் நம் ஊர்களில் இப்படி ஒட்டப்படும் அறிவிப்பு ஒவ்வொன்றும் முக்கியம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் நகரங்களிலும் கூட்டம் நடந்தபோது அதற்குப் பகுதி சபை என்று பெயர் வைத்தார்கள். கிராம சபையை அறிந்த யாருக்கும் அது விளங்கும். இங்கே தமிழில் யோசித்திருக்கிறார்கள்.

மற்ற அறிவிப்புகளோ ஆங்கில அறிக்கையை வரிக்கு வரி பெயர்த்தவை. திறன் மேம்பாடு, நிலைத்தன்மை, பங்குதாரர் ஈடுபாடு என்று அடுக்குகிறார்கள். எழுதியவர் அதை ஒரு கடைக்காரருக்குப் படித்துக் காட்டியிருந்தால், அந்த வரிகளை அப்போதே தானே அடித்து நீக்கியிருப்பார். உரியோர் என்பதையும் தலைப்பில் போட்டால் போதாது. கீழே ஆளைச் சொல்லுங்கள்: சங்குக் கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கருவாடு விற்பவர்கள், இந்தத் தெருவில் குடியிருப்பவர்கள். அப்புறம் நாள், நேரம், இடம்.