தொலைவுக்கு வைஃபை: பெரிய ரவுட்டர் தீர்வல்ல

வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்கும் தனிக் கட்டடத்துக்கு இணையம் வேண்டும் என்று அழைத்தவர், நான் போய்ச் சேர்வதற்குள் பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டு எட்டு ஆன்டெனா கொண்ட புதியதை வாங்கி, இடையில் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர்கள் மூன்றையும் மாட்டியிருந்தார். கைப்பேசியில் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிந்தன. ஆனால் எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. இதையே வீடு வீடாகப் பார்த்து அலுத்துப்போனதால் இதை எழுதுகிறேன்.

ரவுட்டரின் சக்தியைக் கூட்டினால் தொலைவு தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கையை எவ்வளவு சொல்லியும் மாற்ற முடியவில்லை. வைஃபை வானொலியைப் போல ஒருவழி ஒலிபரப்பு அன்று. ரவுட்டர் அனுப்பும் தரவு வந்து சேர்ந்தது என்று கைப்பேசி பதில் அனுப்பியாக வேண்டும். அந்தப் பதில் கிடைக்காவிட்டால் ரவுட்டர் அதையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். சிறிய ஆன்டெனாவை உடலுக்குள் ஒளித்துவைத்திருக்கும் கைப்பேசியோ, பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகக் குறைந்த ஆற்றலில்தான் பேசுகிறது. ஒலிபெருக்கியில் கூப்பிடுபவரின் குரல் அக்கரைக்குக் கேட்கும், அங்கிருப்பவர் வெறும் வாயால் சொல்லும் பதில் இக்கரைக்கு வராது. கைப்பேசியில் தெரியும் கோடுகள் ரவுட்டரின் குரல் கைப்பேசிக்குக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. கைப்பேசியின் குரல் ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை.

நீண்ட குச்சி ஆன்டெனாவும் ஆற்றலை உற்பத்தி செய்வதில்லை. மேலும் கீழும் போய்க்கொண்டிருந்ததை அமுக்கிப் பக்கவாட்டில் பரப்புகிறது, அவ்வளவுதான். அதை மாட்டிய பிறகு மாடியில் சிக்னல் குறைந்துவிட்டது என்று அடுத்த புகார் வருவது அதனால்தான். ஆற்றலைப் பெருக்கும் கருவியை இணைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலான நாடுகளில் வைஃபை வெளியிடும் ஆற்றலுக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு.

ரிப்பீட்டரைச் சிக்னல் செத்த இடத்தில் வைக்காதீர்கள். தனக்கு எட்டாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? ஒரே ரேடியோவால் கேட்டு, அதே ரேடியோவால் திரும்ப அனுப்பும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்; மூன்றைச் சங்கிலியாகக் கோத்தால் இன்னும் வெகுவாகக் குறையும். இதைப் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை.

100 மீட்டருக்குள் என்றால் நெட்வொர்க் கேபிள் இழுத்து, அந்த முனையில், கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாக வெளியிடும் ஓர் அக்சஸ் பாயின்ட் வையுங்கள். செப்புப் பூச்சிட்ட அலுமினியக் கேபிளைத் தவிர்த்து, முழுச் செம்பாலான, வெளிப்புறப் பயன்பாட்டுக்குரிய கேபிளையே கேட்டு வாங்குங்கள்; மின்கம்பி போகும் அதே குழாயில் அதைத் தயவுசெய்து நுழைக்காதீர்கள். இரு கட்டடங்களுக்கு இடையே என்றால் 100 மீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் நான் ஃபைபரைத்தான் பரிந்துரைப்பேன், ஏனெனில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு கட்டடத்தில் இறங்கிய மின்னல் அதன் வழியே அடுத்த கட்டடத்தின் கருவிகளை எரிக்காது.

தரையைத் தோண்டவே முடியாது என்றால், ஒன்றையொன்று நேருக்கு நேர் நோக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறக் கருவிகள் இரண்டை நிறுவலாம். இரு முனையிலும் ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனா இருப்பதால் பேச்சும் பதிலும் சமமாக எட்டும். ஆனால் எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். அலைகள் போகும் பாதை நடுவில் பருத்திருக்கும். 150 மீட்டருக்கு அதன் நடு ஆரம் சுமார் 1.4 மீட்டர், 1 கிலோமீட்டருக்குச் சுமார் 3.6 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். இலையுதிர்ந்த மரத்துக்கு ஊடாகக் குறிபார்த்து மாட்டிவிட்டு, தழைத்த பிறகு இணைப்பு அறுகிறது என்று அழைப்பவர்கள் ஏராளம். நனைந்த இலைகள் இன்னும் மோசம்.

ஒரு கருவியோடு வந்த மின்செலுத்தியை, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியே கருவிக்கு மின்சாரம் அனுப்பும் சிறு பெட்டியை, இன்னொன்றில் செருகாதீர்கள், சில வகைகள் கருவிக்கு அது ஏற்றதா என்று கேட்காமலே மின்னழுத்தத்தைச் செலுத்திக் கருவியைக் கருக்கிவிடும். கருவியோடு வந்த தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். கருவியை மாட்டும் உலோகக் கம்பத்துக்கு முறையான ஏர்த் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கம்பம் எப்பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் மட்டுமே அதை நிமிர்த்துங்கள், அப்படி இடமில்லையென்றால் நீங்களாக முயலாமல் மின்பணியாளரை அழையுங்கள்.