ப்ராக்ஸி: பினாமி அல்ல, பதிலி

பைத்தான் நிரல்மொழியில் ப்ராக்ஸி (உலாவிக்கும் தளத்துக்கும் நடுவில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் நிரல்) எழுதச் சொல்லித்தரும் தமிழ்க் குறிப்புகளில் 'பினாமி சேவையகம்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. பினாமி, 'பெயரில்லாத' என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ப்ராக்ஸி, ஒருவர் சார்பில் காரியம் பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் 'ப்ரோகூராரே'யிலிருந்து கிளைத்து ஆங்கிலத்தில் தேய்ந்தது. வேர்க்கதை இவ்வளவே.

பணம் போட்டவர் ஒருவர், பத்திரத்தில் பெயர் இன்னொருவருக்கு. பினாமியின் உயிரே மறைப்பில்தான். ப்ராக்ஸிக்கு அது கட்டாயமில்லை. 2022-இல் வெளியான ஆர்எஃப்சி 9110 என்ற எச்டிடிபி விதி ஆவணம், கடத்திவிடும் செய்தியில் ப்ராக்ஸி தன்னை 'வயா' (வழியாக) என்ற தலைப்பில் குறித்தாக வேண்டும் என்கிறது. எந்தப் பினாமி 'நான் பினாமி' என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவான்?

சொல் தப்பினால் நிரலும் தப்புகிறது. எல்லாவற்றையும் ப்ராக்ஸி தன் பெயரில் வாங்கித் தரும் என்று நினைப்பவர் டூ_கெட் (பக்கம் கேட்கும் 'கெட்' கோரிக்கையைக் கையாளும் செயற்கூறு) மட்டும் எழுதி நிறுத்திவிடுவார். எச்டிடிபி தளம் திறக்கும். மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் தளத்துக்கு 501, அதாவது 'இந்தக் கோரிக்கை வகைக்கு ஆதரவில்லை' என்ற பிழை, வரும். அங்கே உலாவி அனுப்புவது கனெக்ட் கோரிக்கை. 'தளப்பெயர்:443' என்று வரும். அதற்கு டூ_கனெக்ட் வேண்டும். தளத்தோடு இணைப்பைத் திறந்து, உலாவிக்கு 200 ('சரி') சொல்லிவிட்டு, இரு பக்கமும் பைட்டுகளை அப்படியே கடத்த வேண்டியதுதான். பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் திரெடிங்எச்டிடிபிசர்வரில் ஓட்டுங்கள், இல்லையென்றால் இப்படித் திறந்த ஒரு சுரங்கம் மூடும்வரை மற்றவை காத்துக் கிடக்கும்.

முகவரி, போர்ட், தடுக்கும் தளங்கள் ஆகியவை அமைவுக் கோப்பில் இருக்கட்டும். (அதைக் 'கட்டமைப்புக் கோப்பு' என்பார்கள். பாலமும் சாலையுமா கட்டுகிறோம்?) அமைவுக் கோப்பைப் படிக்கும் கான்ஃபிக்பார்சர், போர்ட் எண் 8080-ஐயும் எழுத்துச்சரமாகவே தரும், எண்ணாக மாற்றித் தரும் கெட்இன்ட் போட்டு எடுக்காவிட்டால் சர்வர் எழும்பவே எழும்பாது. முகவரி 127.0.0.1 ஆக, அதாவது உங்கள் கணினிக்கு மட்டும் என்று, இருக்கட்டும். 0.0.0.0 (கணினியின் எல்லா முகவரிகளிலும்) என்று வைத்து, வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலும் இல்லையென்றால், போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் உங்கள் இணைப்பு சத்திரம்.

ப்ராக்ஸிக்குப் 'பதிலாள்' என்ற சொல்லும் மோசமில்லை. நிறுவனக் கூட்டத்தில் வாக்களிக்கப் போகிறவருக்குப் பொருந்தும். ஆனால் ஆள் என்று ஒருவர் வேண்டும். இயந்திரத்துக்குப் பதிலி போதும். 'பதில்' அரபி 'பதல்' வழி வந்தது, தூய தமிழில்லை என்று சிலர் தள்ளுவார்கள். தள்ளிவிட்டுப் பாரசீகப் பினாமியைக் கட்டிக்கொள்வதுதான் புரியவில்லை.

ரிவர்ஸ் ப்ராக்ஸிக்குத் 'தலைகீழ்ப் பினாமி' என்று எழுதுவது இன்னும் கொடுமை. அங்கே எதுவும் தலைகீழாகவில்லை. பயனருக்காக நிற்காமல் சேவையகத்துக்காக வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான். வாசற்பதிலி என்றால் என்ன குறை?