நீச்சல் அணியின் உடையும் நம் பிள்ளைகளின் உடலும்

அமெரிக்கப் பள்ளி, கல்லூரி நீச்சல் அணிகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் தோள்வலி, தீராத சோர்வு, மாதவிடாய் தடைபடுதல் போன்ற குறைகளோடு விளையாட்டு மருத்துவரான என்னிடம் வருகிறார்கள். சற்று நேரம் பேசவிட்டால், அணி உடையில் தங்கள் உடல் எப்படித் தெரிகிறது என்ற கவலையையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இந்த உடையும், அதை அணிந்து வெற்றி மேடையில் நிற்பவர்களின் உடல்வாகும் எப்படி உருவாயின என்று தெரிந்தால், பெற்றோர் அந்தக் கவலையைச் சரியாகக் கையாள முடியும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு போட்டியாளர்கள் அணிந்த கம்பளி உடை நீரை உறிஞ்சிக் கனத்தது. பிறகு பட்டு, நைலான், லைக்ரா என்று துணி மெலிந்துகொண்டே வந்தது. ஆயினும் உடலை அதிகம் மாற்றியது நீச்சல் கண்ணாடிதான் என்பது என் கணிப்பு. குளோரின் நீர் கண்ணை எரித்தவரை எவராலும் நெடுநேரம் நீந்த இயலவில்லை. 1970களில் கண்ணாடி பரவலான பிறகே காலையும் மாலையும் பல கிலோமீட்டர் நீந்தும் பயிற்சி இயல்பாயிற்று. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ என்ற அமெரிக்கச் சட்டம் பள்ளி, கல்லூரி விளையாட்டைப் பெண்களுக்கும் அகலத் திறந்துவிட்டதால், அதே கடும் பயிற்சி அவர்களுக்கும் வந்து சேர்ந்தது. வாரந்தோறும் ஆயிரக்கணக்கான முறை கையை வீசும் தோளில் மார்புத் தசையும் முதுகுத் தசையும் பெருக்கின்றன. பின்தோளின் சிறு தசைகள் அதற்கு ஈடாக வலுப்பெறாவிட்டால் தோள் முன்புறம் சரிந்து, தசைநாண் நசுங்கி வலிக்கிறது. நாம் வியக்கும் அகன்ற தோளும், நான் மருத்துவம் பார்க்கும் வலியும் ஒரே பயிற்சியின் விளைவுகள். குளத்தின் சுவரில் திரும்பியதும் 15 மீட்டர் வரை நீருக்கடியில் உதைத்துச் செல்லும் உத்தி முதன்மை பெற்ற பின், இடுப்புக்கும் தொடைக்கும் எடைப் பயிற்சி கொடுப்பது கல்லூரி அணிகளில் வழக்கமாகிவிட்டது.

உடையின் வரலாற்றில் பெரிய திருப்பம் 2008இல் வந்தது. பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளால் ஆன பட்டைகள் பொருத்திய ‘எல்.இசட்.ஆர். ரேசர்’ என்ற நீச்சலுடை உடலை இறுக்கி, நீரின் இழுவையைக் குறைத்தது. முழுக்கப் பாலியூரிதேனால் ஆன உடைகளும் களமிறங்கிய 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் வீழ்ந்தன. அமெரிக்கப் பள்ளி, கல்லூரி விளையாட்டு அமைப்புகள் அவ்வாண்டே அவ்வகை உடைகளைத் தடுத்தன; 2010 ஜனவரி 1 முதல் உலக நீச்சல் கூட்டமைப்பும் நெய்த துணியை மட்டுமே ஏற்றது. ஆண்களுக்கு இடுப்பு முதல் முழங்கால் வரை, பெண்களுக்குத் தோள் முதல் முழங்கால் வரை என்பது இன்றைய எல்லை. இன்றைய பந்தய உடையும் இறுக்கமானதே. அணிந்துகொள்ளவே கால் மணி நேரம் ஆகலாம். வெற்றி மேடைப் படத்தில் பிள்ளைகள் காண்பது, பல ஆண்டுப் பயிற்சியில் உருவாகி, சில நிமிடப் பந்தயத்துக்காக இறுக்கிக் கட்டப்பட்ட உடலை. சிறுவர் போட்டிகளில் 12 வயதுக்கு உட்பட்டோர் இவ்வுடைகளை அணிவதற்கு அமெரிக்க நீச்சல் சங்கம் 2020 செப்டம்பரில் கட்டுப்பாடு விதித்ததை நான் முழுமனதோடு வரவேற்றேன். நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கும் உடையைவிட, அந்த வயதில் வளர்ச்சியும் நீந்தும் முறையுமே வேகத்தைத் தருகின்றன.

பதின்மூன்று வயதில் ஒருவன் பருவமடைந்து தோள் விரிந்திருப்பான்; அதே அணியில் இன்னொருவன் இன்னும் குழந்தை உடலோடு இருப்பான். இருவரும் நலமானவர்களே. பெண் பிள்ளைகளுக்குப் பருவ வயதில் எடையும் கொழுப்பின் விகிதமும் கூடுவது இயற்கை. அவர்களின் எலும்பும் மாதவிடாயும் சீராக இருக்க அது தேவை. 2019 செப்டம்பரில் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில், அணி கொடுத்த உடையையே அணிந்து வென்ற பள்ளி மாணவி ஒருவரை, உடை உடலில் அமைந்திருந்த விதத்தைக் காரணம் காட்டி நடுவர் தகுதிநீக்கம் செய்தார். சில நாட்களில் அம்முடிவு ரத்தானது. ஆனால் உடை எல்லா உடலிலும் ஒரேபோல் அமையாது என்ற எளிய உண்மையை மறந்து, பிள்ளையின் உடலைக் குற்றமாக்கும் போக்கு நடுவரோடு நிற்பதில்லை. வீட்டிலும் உறவினர் கூட்டத்திலும் “கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாளே” என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குப் பிறகு தட்டில் சோறு குறைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்துதான் ஆற்றல் பற்றாக்குறை தொடங்குகிறது. 55 கிலோ எடையுள்ள பதினாறு வயதுப் பெண்ணின் கொழுப்பு நீங்கலான எடை 44 கிலோ என்று கொள்வோம். பயிற்சிச் செலவு போக, அந்த எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிலோகலோரி உடலுக்கு மிஞ்ச வேண்டும். இரண்டு மணி நேரக் கடும் பயிற்சிக்குச் சுமார் 900 கிலோகலோரி செலவாகும் என்றால், அவளுடைய அன்றாடத் தேவை 2,900ஐ நெருங்குகிறது. மிஞ்சுவது கிலோவுக்கு 30க்கும் கீழே நெடுநாள் இறங்கியிருந்தால், மாதவிடாய் தடைபடலாம், எலும்பு வலுவிழக்கலாம், காயம் ஆறத் தாமதமாகலாம். நீரில் உடல் எடை எலும்பின்மீது முழுமையாக விழாததால், ஓட்டமும் குதியும் தரும் எலும்பு உறுதியை நீச்சல் தருவதில்லை; பற்றாக்குறையும் சேர்ந்தால் இழப்பு இரட்டிப்பாகும். ஆண் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல.

விடியற்காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்; ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும். பயிற்சி முடிந்ததும் முட்டையோ, பாலோடு இட்லி சாம்பாரோ கொடுங்கள். சைவம் உண்ணும் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு போட்டிப் பருவத்திலும் புதிதாக அளவெடுத்தே உடை வாங்குங்கள்; போன வருட உடை இறுகுவது பெரும்பாலும் வளர்ச்சியின் அடையாளம். பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் எடை பார்த்தால், அது எதற்கென்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டாலோ, இரவிலும் தோள்வலி தூக்கத்தைக் கலைத்தாலோ, எலும்பில் கீறல் முறிவு ஏற்பட்டாலோ, போட்டிப் பருவம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.