சுரமண்டலம்: பரலோக ஆராதனையில் மூப்பர் கையில் இருக்கும் கருவி எது?

வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தைத் தமிழில் வாசிப்பவர் பரலோகத்தில் காணும் நரம்புக்கருவி சுரமண்டலம் ஒன்றுதான். இருபத்துநான்கு மூப்பர் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டுக்குட்டியானவர் முன் வணங்கி விழுகிறார்கள் (5:8). வானத்திலிருந்து வரும் பேரிரைச்சல், சுரமண்டலக்காரர் வாசிக்கும் ஓசைபோல் கேட்கிறது (14:2). அக்கினி கலந்த கண்ணாடிக் கடலருகே ஜெயங்கொண்டவர்கள் ‘தேவ சுரமண்டலங்களை’ ஏந்தி நிற்கிறார்கள் (15:2). இம்மூன்று இடங்களிலும் கிரேக்க மூலத்தில் இருப்பது கிதாரா என்ற ஒரே சொல்லும் அதன் வழிச்சொற்களுமே.

கிதாராவும் நம் நாட்டுச் சுரமண்டலமும் ஒரே கருவி அல்ல.

சுரமண்டலம் என்பது சுரம், மண்டலம் இரண்டும் சேர்ந்த வடசொல். சுரங்களின் வட்டம், அதாவது சுரத்தொகுதி என்று பொருள். ‘சுரர்’ என்றால் தேவர் என்பதால் ‘தேவலோகக் கருவி’ என்று பிரித்துப் பொருள் சொன்னால் பிரசங்கத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் அது தவறு. இந்துஸ்தானிப் பாடகர்கள் மடியில் வைத்து மீட்டுவார்களே, அந்தத் தட்டையான மரப்பெட்டிதான் சுரமண்டலம். முப்பதுக்கு மேற்பட்ட உலோகத் தந்திகள் பெட்டியின் மேல்தளத்தில் நெடுக ஓடும். ஆணிகளைச் சாவியால் திருகி, பாடும் ராகத்தின் சுரங்களுக்கு ஏற்பச் சுருதி சேர்ப்பார்கள். அக்பர் காலத்து ஆவணமான அயினி அக்பரி, 21 தந்திகள் கொண்டதாகவும் அரபு நாட்டுத் தந்திக்கருவியான கானூனைப் போன்றதாகவும் இதைக் குறிக்கிறது. பெட்டியே உடலாக, பெட்டியோடு தந்தி முடிந்துவிடும் வகை இது.

கிதாராவின் அமைப்பு வேறு. கீழே மரத்தாலான ஒலிப்பெட்டி. அதன் இரு ஓரங்களிலிருந்தும் மேல்நோக்கி இரண்டு கைகள் எழும். அந்தக் கைகளை மேலே ஒரு குறுக்குக் கட்டை இணைக்கும். பெட்டியின் அடியில் கட்டிய நரம்புகள் ஒரு பாலத்தின்மேல் ஏறி, வெற்றிடத்தைக் கடந்து, அந்தக் கட்டையில் போய் முடியும். ஏழு நரம்பு என்பது பொதுவழக்கு. நரம்புகளெல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். ஆகையால் சுரம் மாறுவது நரம்பின் பருமனாலும் இழுவிசையாலும்தான். தேர்ந்த கலைஞர் நின்றுகொண்டே வாசிப்பார். இடது மணிக்கட்டில் மாட்டிய வார் கருவியைத் தாங்கும். வலக்கை மீட்டுகோலால் எல்லா நரம்புகளையும் ஒருசேர வருடும். இடக்கை விரல்கள் பின்புறமிருந்து வேண்டாத நரம்புகளைத் தொட்டு அடக்கும். ஆமை ஓட்டில் செய்த சிறிய லைரா கற்பவர்களுக்கும் வீட்டுக்கும் உரியது. கிதாரா மேடைக்கும் கோவில் விழாவுக்கும் உரியது. வெளிப்படுத்தலை எழுதிய யோவான் குறிப்பிடுவது இந்தப் பெரிய கருவியை.

எபிரெய வேதத்தில் இதற்கு இணை கின்னோர். தாவீது சவுலுக்கு முன் வாசித்தது அதுவே. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், கின்னோருக்குப் பத்து நரம்பு, மீட்டுகோலால் வாசிப்பது என்றும், நேபெல் என்ற மற்றொரு கருவிக்குப் பன்னிரண்டு ஒலி, விரலால் வாசிப்பது என்றும் பிரிக்கிறார். 1 சாமுவேல் 16:23 தாவீது ‘தன் கையினால்’ வாசித்ததாகச் சொல்வதால், இந்தப் பிரிவினை எல்லாக் காலத்துக்கும் பொருந்தவில்லை என்று தெரிகிறது. உருவத்தைப் பார்க்க வேண்டுமானால், ரோமருக்கு எதிராகப் பார் கோக்பா கிளர்ச்சி செய்த 132-135 ஆண்டுகளின் யூத நாணயங்கள் இருக்கின்றன: இரண்டு கை, குறுக்குக் கட்டை, நடுவே சில நரம்புகள்.

இனி தமிழ் மொழிபெயர்ப்புக்கு வருவோம். 1871இல் நிறைவுற்று இன்றும் சபைகளில் ஓதப்படும் பழைய திருப்புதல் (மொழிபெயர்ப்பு) கின்னோர் என்ற ஒரே எபிரெயச் சொல்லை இரண்டு விதமாகப் பெயர்க்கிறது. ஆதியாகமம் 4:21இல் யூபால் ‘கின்னரக்காரர்’ அனைவருக்கும் தகப்பன். சங்கீதம் 137இல் பாபிலோன் ஆறுகள் அருகே சிறைப்பட்டவர்கள் அலரிச்செடிகளில் தூக்கிவைப்பவை கின்னரங்கள். ஆனால் சங்கீதம் 33:2இலும் 150:3இலும் அதே கின்னோர் சுரமண்டலமாகிவிடுகிறது, நேபெல் வீணையாகிறது. தானியேல் 3ஆம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சாரின் வாத்தியப் பட்டியலிலும் கின்னரம், வீணை, சுரமண்டலம் மூன்றும் வருகின்றன. அங்கே ‘கின்னரம்’ என்று பெயர்க்கப்பட்ட அரமேயச் சொல், கிரேக்க கிதாரா அரமேயத்தில் நுழைந்த வடிவம். அதனால் தாவீது வாசித்தது, சிறைப்பட்டவர்கள் வாசிக்க மறுத்தது, மூப்பர் ஏந்தியிருப்பது மூன்றும் ஒரே குடும்பத்துக் கருவி என்பது தமிழ் வாசகருக்குத் தெரியாமலே போகிறது. சங்கீதம் 137இல் மௌனமான கருவி வெளிப்படுத்தல் 15இல் மீண்டும் கைக்கு வருகிறது என்ற தொடர்பு எவ்வளவு பெரியது! ஒரே சொல்லை எங்கும் வைத்திருந்தால் அது தானாகவே புலப்பட்டிருக்கும்.

கின்னரம் என்ற சொல் கின்னோரை ஒத்து ஒலிப்பதால் இரண்டும் ஒரே வேர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நம் கின்னரம், கின்னரர் என்ற தேவகணத்தாரின் பெயரை ஒட்டியது. இந்தியக் கின்னரி வீணையோ சுரைக்குடுக்கைகள் பொருத்திய, மெட்டுகள் (தந்தியை அழுத்தும் குறுக்குக் கட்டைகள்) வைத்த தண்டு. மெட்டில் அழுத்தி ஒரே தந்தியில் பல சுரம் எழுப்பும் முறை கிதாராவில் இல்லை. வீணை என்ற பெயர்ப்பும் இதே காரணத்தால் பொருந்தாது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘யாழ்’ என்கிறது. சரியான தேர்வு இதுவே. ஆனால் வடிவம் ஒத்திருக்கிறது என்பது அதற்குக் காரணம் ஆகாது. யாழில் படகுபோன்ற பத்தர் (ஒலிப்பெட்டி), அதன்மேல் தோல் போர்வை, பத்தரிலிருந்து வளைந்தெழும் ஒரே கோடு (தண்டு). நரம்புகள் கோட்டிலிருந்து சாய்ந்து போர்வைக்கு இறங்கும். ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு நீளம். இரண்டு கையும் குறுக்குக் கட்டையும் கொண்ட கிதாரா இதற்கு ஒன்றுவிட்ட உறவு. இருந்தாலும் சுரத்துக்கு ஒரு நரம்பு, மெட்டு இல்லை, உலோகத் தந்திக்குப் பதில் நரம்பு, பெரும்பாலும் பாட்டோடு சேர்ந்து ஒலிப்பது என்ற நான்கிலும் யாழும் கிதாராவும் ஒன்றுபடுகின்றன. செங்கோட்டியாழுக்கு ஏழு நரம்பு என்ற சிலப்பதிகார உரைமரபு கிதாராவின் எண்ணிக்கையோடும் ஒத்துப்போகிறது.

நான்காவது ஒற்றுமைதான் எல்லாவற்றிலும் முக்கியம். 14:2இல் யோவான் பயன்படுத்தும் சொல் கிதரோதோஸ்: கிதாராவும் பாடுநர் என்ற சொல்லும் சேர்ந்தது. கருவியை மட்டும் வாசிப்பவனைக் கிரேக்கர் கிதரிஸ்தேஸ் என்பார்கள். மீட்டிக்கொண்டே பாடுபவனே கிதரோதோஸ். ‘சுரமண்டலக்காரர்’ என்றால் பாட்டு விடுபட்டுப்போகிறது; ‘யாழை மீட்டுவோர்’ என்றாலும் அதே குறை. தமிழில் இதற்கு நேர்ச்சொல் ஏற்கெனவே இருக்கிறது: யாழ்ப்பாணர். யாழ் மீட்டிப் பாடுவதையே தொழிலாகக் கொண்ட பாணரைக் குறிக்கும் சொல் அது. அடுத்த வசனத்தில் அவர்கள் ‘புதுப்பாட்டைப்’ பாடுகிறார்கள். கருவியும் குரலும் பிரியாதவை என்று முன்வசனமே சொல்லிவைத்திருந்தால்தான் இது இயல்பாக வந்து பொருந்தும்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதர் வேடமிடும் பிள்ளைகள் கையில் அட்டையில் வெட்டிய ஹார்ப்பைக் கொடுத்துவிடுகிறோம். வெளிப்படுத்தலில் எந்தத் தேவதூதரும் கிதாரா பிடிக்கவில்லை. தூதருக்கு உரியது எக்காளம் (8:2). சிங்காசனத்தைச் சுற்றியுள்ள நான்கு ஜீவன்களின் ‘பரிசுத்தர் பரிசுத்தர் பரிசுத்தர்’ (4:8) கருவி இல்லாமலே ஒலிக்கிறது. கிதாராவை ஏந்துபவர்கள் மூப்பரும் மிருகத்தை வென்றவர்களும். 5:8இன் கிரேக்க வாக்கியம் ஜீவன்களையும் உட்படுத்திப் படிக்க இடம் கொடுத்தாலும், ‘ஒவ்வொருவரும்’ என்பதை மூப்பரோடு சேர்ப்பதே பெரும்பான்மை வழக்கு. ஹார்ப் நுழைந்ததற்கு மொழிபெயர்ப்பே காரணம்: லத்தீன் வேதம் கிதாராவை அப்படியே எடுத்தாள, லுத்தரின் ஜெர்மனும் 1611இன் ஆங்கிலமும் தங்கள் நாட்டுக் கருவியான ஹார்ப்பை வைத்தன. கிதார் என்ற இன்றைய பெயர் கிதாராவின் வழியில் வந்தது. சிதார் அப்படியல்ல, அது ‘மூன்று தந்தி’ என்ற பாரசீகச் சொல்.

ஆதிச் சபையின் ஆசிரியர்களான சபைப் பிதாக்களிடம் கிதாரா படாதபாடு பட்டிருக்கிறது. புறச்சமய விழாக்களோடும் நாடக மேடையோடும் ஒட்டியிருந்ததால் ஆராதனையில் கருவியிசையை அவர்கள் ஏற்கவில்லை. சங்கீதங்களில் வரும் கருவிகளை உருவகமாக்கினார்கள். அவர்களில் ஒருவரான அகுஸ்தீன், சால்தேரியம் என்ற மற்றொரு நரம்புக்கருவியின் ஒலிப்பெட்டி மேலே இருப்பதால் அது மேலானவற்றையும், கிதாராவின் பெட்டி கீழே இருப்பதால் அது பூமிக்குரியவற்றையும் குறிக்கும் என்றார். அந்தக் கணக்கில் பூமிக்குரிய கருவியைத்தான் யோவான் பரலோகத்தில் வைத்திருக்கிறார். உருவகத்தை இங்கே விட்டுவிட்டு, எருசலேம் ஆலயத்தில் லேவியர் வாசித்த கின்னோரின் தொடர்ச்சியாக இதைப் பார்ப்பதே வசனத்துக்கு நியாயம் செய்வது. மூப்பரிடம் தூபவர்க்கம் நிறைந்த பொற்கலசமும் இருக்கிறது. தூபமும் நரம்பிசையும் சேர்ந்தால் அது ஆலய ஊழியம். பாபிலோன் விழும்போது அங்கே யாழ்ப்பாணரின் சத்தம் இனிக் கேட்காது (18:22) என்பதையும் இதன் மறுபக்கமாக வாசிக்க வேண்டும்.

சொல்லைக் கையாளும்போது ஒரு சிக்கல் வரும். கின்னோருக்கும் கிதாராவுக்கும் யாழ் என்று வைத்தால், கின்னோரும் நேபெலும் அடுத்தடுத்து வரும் சங்கீதம் 33:2இல் நேபெலுக்கு வேறு சொல் வேண்டும். பேரியாழ் என்று எழுதத் தோன்றும். ஆனால் இசைநூல் வழக்கில் பேரியாழுக்கு 21 நரம்பு. வசனமோ பத்து நரம்பு என்கிறது. ‘பத்து நரம்புப் பெரிய யாழ்’ என்று விரித்து எழுதினால் மோதல் இல்லை. பழைய திருப்புதலை ஓதும் சபையில் வாசிப்பை மாற்ற வேண்டியதில்லை; சுரமண்டலம் என்று வாசித்துவிட்டு, விளக்கத்தில் யாழ் என்று சொன்னால் போதும். ஞாயிறு பள்ளிக்கு மாதிரி செய்பவர்கள் வளைந்த ஹார்ப்புக்குப் பதிலாக அடியில் பெட்டி, இரு பக்கமும் நிமிர்ந்த இரண்டு சட்டம், மேலே குறுக்குச் சட்டம், ஒரே நீளத்தில் ஏழு நூல் என்று கட்டி, அதைத் தூதர் வேடத்தாரிடம் கொடுக்காமல் மூப்பர் வேடத்தாரிடம் கொடுக்கட்டும்.